ஒண்ணுமில்ல என்ற சொல்லின் விலை

நவநீதனின் விசிட்டிங் கார்டில் ‘சொல் தேர்வாளர்’ என்று போட்டிருந்தது. ஆபீசில் எல்லாரும் அவனைப் பொறுக்கி என்பார்கள். சொல் பொறுக்குகிறவன் பொறுக்கிதானே என்று அதை ஆரம்பித்து வைத்தவர் எஸ்தர் மேடம். அந்த விளம்பர நிறுவனமே அவருடையது என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. நவநீதனுக்கும் அதில் வருத்தம் கிடையாது. நாற்பத்திரண்டு வயதுக்குள் சென்னையில் சொந்த வீடு வாங்கிக் கொடுத்த பட்டத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

வீட்டுக்கு வீடு ‘செவி’ வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சோப்புப் பெட்டி அளவில் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். விளக்குப் போடும், போன் போட்டுத் தரும், மாத்திரைக்கு நேரமானால் ஞாபகப்படுத்தும், யாராவது மயங்கி விழுந்தால் ஆம்புலன்சைக் கூப்பிடும். இத்தனைக்கும் காலணா வாங்காது. சும்மா யார் எதைத் தருவார்கள்? வீட்டில் பேசுகிறதையெல்லாம் அது கேட்டுக்கொண்டிருக்கும். யாரோ ஒரு கம்பெனிக்காரன் விலைக்கு வாங்கி வைத்திருக்கிற சொல் அந்தப் பேச்சில் வந்துவிட்டால், பேச்சு ஓய்கிறவரை பொறுத்திருந்து, தணிந்த குரலில் ஒரு வரி விளம்பரம் சொல்லும். அதற்கு வீட்டார் ‘சரி’ என்றால் வியாபாரம் ஆரம்பம். அந்த ‘சரி’க்குத்தான் கம்பெனிக்காரன் பணம் கட்ட வேண்டும். சரி சொல்லாவிட்டால் பைசா கிடையாது.

ஆகவே எந்தச் சொல்லை வாங்குவது என்பதில்தான் லாபமும் நஷ்டமும் அடங்கியிருந்தது. சொற்கள் ஏலத்தில் போகும். ‘மூட்டு வலி’ மாதிரி வெளிப்படையான சொல்லுக்கு ஊரிலுள்ள தைலக்காரர்களெல்லாம் முட்டி மோதி விலையை ஏற்றி வைத்திருப்பார்கள். கூட்டம் போகாத இடத்தில் மலிவான சொல்லைக் கண்டுபிடிக்கிறவனுக்குத்தான் மரியாதை.

இந்த வேலையை ஒரு காலத்தில் இயந்திரத்திடமே விட்டுப் பார்த்தார்கள். நகைக்கடை ஒன்றுக்காக அது ‘தாலி’ என்ற சொல்லை வாங்கியது. அகராதிப்படி தப்பே இல்லை. ஆனால் வீடுகளில் தாய்மார்கள், “டேய், காலங்கார்த்தால தாலியறுக்காதடா” என்று பிள்ளைகளைத் திட்டி முடித்ததும், “தாலிக்குச் செய்கூலி கிடையாது, வாங்க” என்று செவி அன்போடு அழைத்தது. கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு எஸ்தர் மேடத்திடம் ஓடி வந்தார். அன்றைக்குத்தான் மனிதப் பொறுக்கிகளுக்கு மறுபடி வேலை வந்தது.

நவநீதன் பெயர் வாங்கியது ஒரு தைலத்துக்காக. மூட்டு வலிக்காரர்கள் வீட்டில் ‘மூட்டு வலி’ என்று சொல்லிக்கொண்டு திரிவதில்லை. நாற்காலியில் உட்காரும்போது “முருகா” என்கிறார்கள். அதில் பக்தியைவிட முழங்கால்தான் அதிகம். அவன் ‘முருகா’வை வாங்கினான். சல்லிக்காசுக்குக் கிடைத்தது. கந்த சஷ்டி நாட்களில் வருவது நிஜமான பக்தி என்பதால், அப்போது மட்டும் அதை நிறுத்தி வைக்கவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. தைலக்காரர் இப்போது மூன்று மாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் ‘இளைப்பாறு இல்லங்கள்’ வந்தார்கள். ஊருக்கு ஊர் முதியோர் இல்லம் கட்டியவர்கள். கட்டடம் பளபளவென்று இருந்தது, அறைகள் பாதி காலியாகக் கிடந்தன.

“முதியோர் இல்லம்கிற வார்த்தை நமக்கு ஆகாது மேடம்,” என்றான் நவநீதன். “ஒரு வீட்ல அந்தப் பேச்சு வருதுன்னா அன்னிக்கு அங்க சண்டை நடக்குதுன்னு அர்த்தம். சண்டைக்கு நடுவுல யாரு சரி சொல்லுவா?”

“அப்ப வேற என்ன சொல்லுவாங்கன்னு கண்டுபிடி. உனக்கு எதுக்குச் சம்பளம்?” என்றார் எஸ்தர் மேடம்.

இரண்டு வாரம் அதே வேலையாக உட்கார்ந்தான். செவி கேட்ட பேச்சுகள் அவனுக்கு எழுத்தாக வரும். பெயர், ஊர், குரல் எதுவும் இருக்காது. கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் ஷமீமா அவற்றை வகை பிரித்துத் தருவாள். சின்னப் பெண், வேலையில் கெட்டி, மனசு கொஞ்சம் இளக்கம். ‘பாரம்’ என்ற சொல்லை எடுத்துப் பார்த்தான், ஏற்கனவே இரண்டு இன்சூரன்ஸ் கம்பெனிகள் அதற்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ‘தனியா’ என்று பார்த்தால் பாதி வீடுகளில் அது மல்லியாக இருந்தது. ஷமீமா சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவனுடைய அப்பா சம்பந்தம் திருச்சி பொன்மலையில் தனியாக இருந்தார். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போய் மூன்று வருஷமாகிறது. சென்னைக்கு வந்துவிடுங்கள் என்று நவநீதனின் மனைவி மிருதுளா கூப்பிட்டபோது, “அங்க வந்து நான் என்னம்மா பண்ணப் போறேன்” என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அவன் இரண்டாம் தரம் கூப்பிடவில்லை. தினமும் சாயங்காலம் ஆபீசிலிருந்து வீடு திரும்பும் வழியில் காரிலிருந்தே போன் பேசிவிடுவான். ஒரு நாள் தவறினதில்லை, அதில் அவனுக்குப் பெருமைகூட உண்டு.

அன்றைக்கும் பேசினான்.

“சாப்டீங்களாப்பா?”

“ஆச்சுப்பா.”

“மாத்திரை?”

“ஆச்சு.”

“குரல் ஒரு மாதிரி இருக்கே, என்ன?”

“ஒண்ணுமில்லப்பா.”

“சரிப்பா. சிக்னல் போட்டுட்டான், வைக்கட்டுமா?”

“சரிப்பா.”

வண்டியை நகர்த்தி அடுத்த தெருவுக்குள் திரும்பியபோதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. ஓரமாக நிறுத்திவிட்டு யோசித்தான். ஒண்ணுமில்ல. அந்த இரண்டு வாரத்தில் எத்தனை பேச்சுகளில் அந்தச் சொல்லைத் தாண்டிப் போயிருப்பான். தொழிலில் அது குப்பை. ஆமா, அப்புறம், அதான் என்பவற்றோடு சேர்த்து முதலிலேயே கழித்துவிடுவார்கள். யாரும் விலை கேட்டதில்லை. அப்பாவின் குரல் ஏன் அப்படி இருந்தது என்று மறுபடி போன் போட்டுக் கேட்க வேண்டிய நேரம் அது. அவன் ஷமீமாவுக்குப் போன் போட்டு, வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடுகளில் ‘ஒண்ணுமில்ல’ எத்தனை தடவை வருகிறது என்று பார்க்கச் சொன்னான்.

மறுநாள் எஸ்தர் மேடம் புருவத்தைத் தூக்கினார். “ஒண்ணுமில்லயா? ஒண்ணுமில்லாத வார்த்தையை வெச்சு என்ன பண்றது?”

“ஒண்ணுமில்லாதவங்க அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டாங்க மேடம். நல்லாருக்கேன்னு சொல்லுவாங்க. யாராவது என்னன்னு கேட்டு, சொல்ல வந்ததை முழுங்கினாத்தான் ஒண்ணுமில்லன்னு வரும். வயசானவங்க தனியா இருக்கிற வீடு. பிள்ளை போன்ல. போனை வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணுமில்ல. இப்படி வந்துட்டா நமக்கு ஆள் கிடைச்சாச்சு.”

எஸ்தர் மேடம் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“எங்கம்மாவும் நாகர்கோவில்ல இருந்துக்கிட்டு அதைத்தான் சொல்லும்,” என்றார். பிறகு, “வாங்கிடு,” என்றார்.

செவி என்ன சொல்ல வேண்டும் என்று இல்லத்தார் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார்கள். இயற்கைச் சூழல், எந்நேரமும் டாக்டர், வீட்டுச் சமையல் என்று நீண்டது. நவநீதன் எல்லாவற்றையும் அடித்துவிட்டான்.

“இதெல்லாம் சொன்னா விளம்பரம்னு தெரிஞ்சு வாயை மூடிக்குவாங்க. பிள்ளை போனை வெச்சதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும். ‘நிஜமாவே ஒண்ணுமில்லையா?’ அவ்வளவுதான். அவங்க பேசட்டும். எவ்வளவு நேரம் பேசினாலும் கேட்டுக்கட்டும். எல்லாம் முடிஞ்சப்புறம், ‘இங்க வந்தா பேச ஆள் இருக்கு, வரீங்களா?’ன்னு கேக்கட்டும்.”

“குரல்?”

“நாப்பது வயசு ஆம்பளைக் குரல். அவசரமில்லாம பேசணும்.”

ஒரே மாதத்தில் அறைகள் நிரம்பத் தொடங்கின. சரி என்று சொன்ன மறுநாளே வீட்டு வாசலில் வேன் வந்து நிற்கும். முதல் மாதம் இலவசம், பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம். திரும்பினவர்கள் குறைவு. இல்லத்தார் மதுரைப் பக்கம் புதிதாக நிலம் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆபீசில் கேக் வெட்டினார்கள். நவநீதனின் வாயில் முதல் துண்டை எஸ்தர் மேடமே ஊட்டினார்.

கேக் சாப்பிடாதவள் ஷமீமா ஒருத்திதான். சாயங்காலம் அவனிடம் வந்து நின்றாள்.

“சார், இதுல எனக்கு ஒரு சந்தேகம். வர்ற சரியெல்லாம் அதுக்குச் சொன்ன சரிதானா?”

“வேற எதுக்கு?”

“வயசானவங்க தனியா இருந்தா எந்திரிக்கறப்ப தனக்குத்தானே சரின்னு சொல்லிக்குவாங்க சார். சரி, போய் விளக்கேத்தலாம். சரி, படுக்கலாம். எங்க பெரியப்பா அப்படித்தான். அது கேள்வி கேக்குது, இவங்க பதிலே சொல்லாம உக்காந்திருக்காங்க, அப்புறம் சரின்னுட்டு எந்திரிக்கறாங்க. அதையும் நாம கணக்குல சேத்துட்டோம்.”

“வேண்டாம்னா வேன்ல ஏற மாட்டாங்களே.”

“வாசல்ல சிரிச்ச முகமா வந்து நிக்கறவங்களைப் போன்னு சொல்ல அந்தக் காலத்து ஆளுங்களுக்கு வராது சார்.”

அவன் கம்ப்யூட்டரில் எதையோ தேடுகிற மாதிரி இருந்தான்.

“இனிமே வர்றதுல எந்திரிக்கற சரியைத் தனியாப் பிரிக்க முடியும். கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சா நானே பண்ணித் தருவேன்,” என்றாள்.

“நிறுத்தினா அடுத்தவன் வாங்கிடுவான் ஷமீமா. இப்பவே ரெண்டு பேர் மோப்பம் பிடிச்சுட்டானுங்க.”

அவள் போகத் திரும்பினாள். பிறகு நின்று, “உங்க அப்பா வீட்லயும் செவி இருக்கில்ல சார்? நம்ம ஆளுங்க வீட்டையெல்லாம் வேணும்னா விலக்கி வெச்சிடலாம்,” என்றாள்.

“அவருக்கு என்ன குறை? நான்தான் தினம் பேசறேனே,” என்றான்.

சண்டை போட வந்த பிள்ளைகளும் உண்டு. எங்கள் வீட்டுப் பேச்சில் நீங்கள் யார் நுழைய என்று அமெரிக்காவிலிருந்து ஒருவர் கத்தினார். ஆதாரத்துக்காக அந்த ஒரு ‘சரி’ மட்டும் குரலோடு பதிவாகியிருக்கும்; அவருடைய அம்மா சொன்னதைப் போட்டுக் காட்டினார்கள். தெளிவாகத்தான் இருந்தது. அவர் அதை மறுபடி ஒரு தடவை போடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். ஆனால் சண்டை போட்டவர்களைவிட நன்றி சொன்னவர்கள் அதிகம். நாங்கள் எப்படிச் சொல்வதென்று தவித்துக்கொண்டிருந்தோம், நல்லவேளை அம்மாவே முடிவெடுத்துவிட்டாள் என்றார்கள். அந்தப் போன்களை எடுக்கிற வேலை ஷமீமாவினுடையது. அவள் நாளுக்கு நாள் வாடிப்போனாள்.

ஐப்பசி அடைமழையில் சென்னை முழுக்க வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், நவநீதன் வழக்கம்போல அப்பாவுக்குப் போன் போட்டான். எடுத்தது அப்பா இல்லை. அவனே தேர்ந்தெடுத்த அந்த நாற்பது வயதுக் குரல்.

“சம்பந்தம் ஐயா இப்போது பொன்மலை வீட்டில் இல்லை. முக்கொம்பு இளைப்பாறு இல்லத்தில் இருக்கிறார். இணைக்கட்டுமா?”

இணைக்கச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு ஷமீமாவைக் கூப்பிட்டான். “எங்கப்பாவோடது என்ன சரி? எந்திரிக்கற சரிதானே?”

“என்ன சரின்னு நம்மகிட்ட இருக்காது சார்,” என்றாள். “சரின்னு மட்டும்தான் இருக்கும்.”

வீட்டில் மிருதுளா, “உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா?” என்று கேட்டாள். “அவர் சொல்லல. மெஷின் தப்பா எடுத்துருக்கு,” என்றான். அதையே நாலைந்து தரம் சொன்னான். அவள் மறுத்துப் பேசாமல் அவனுக்கு ஒரு பையில் துணி எடுத்து வைத்தாள்.

காலை ரயிலில் திருச்சி போய் இறங்கினான். பொன்மலை வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு லூர்துசாமி, அப்பாவோடு பட்டறையில் வேலை பார்த்தவர், சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

“வேன்ல ரெண்டு பசங்க வந்தானுங்க தம்பி. உங்கப்பா சட்டை மாத்திக்கிட்டு ஏறிட்டாரு. எங்கய்யா போறன்னேன். தம்பிக்குத் தெரியும்னாரு. உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்,” என்றான் நவநீதன்.

ஆட்டோவில் முக்கொம்பு போகிற வழியெல்லாம் அவன் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனான். அப்பா கதவுக்கு வந்தவர்களை முகம் சுளித்துத் திருப்பி அனுப்பியதில்லை. ஊறுகாய் விற்க வருகிறவளிடம்கூட வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் இரண்டு பாட்டில் வாங்கி வைப்பார். சரி என்று சொல்லிக்கொண்டு எழுந்திருப்பார், பெட்டி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும், மறுநாள் வேன் வந்ததும் மறுக்கத் தெரியாமல் ஏறியிருப்பார். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். கூட்டிக்கொண்டு நேராகச் சென்னைக்குப் போய்விடலாம். போனதும் அந்தச் சொல்லைத் தூக்கி எறிந்துவிடலாம். எஸ்தர் மேடம் கத்தினால் கத்தட்டும்.

அறை நன்றாகவே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே காவிரி தெரிந்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பித்தானைத் தைத்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

“வா தம்பி. சாப்டியா?”

“கிளம்புங்கப்பா.”

“உக்காரு முதல்ல. மழையில நனைஞ்சிருக்க.”

உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினான். செவி எப்படிக் கேட்கிறது, எந்திரிக்கிற சரியை எப்படித் தப்பாக எடுத்துக்கொள்கிறது, இதுபோல எத்தனை வீடுகளில் நடந்திருக்கிறது. அந்தச் சொல்லை வாங்கியது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டான். அப்பாவுக்கு அவன் விளம்பரக் கம்பெனியில் இருக்கிறான் என்பதற்கு மேல் தெரியாது. பட்டறையில் கூட வேலை பார்த்தவர்கள் இயந்திரத்தின் கோளாறைச் சொல்லும்போது கேட்பதுபோல அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சம்மட்டிச் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிப்போனதால் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பது அவர் பழக்கம்.

“எந்திரிக்கறப்ப நான் சரின்னு சொல்ற ஆளில்லையே,” என்றார். “அம்மாடின்னுதான் சொல்லுவேன்.”

“அப்பா…”

“அது ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. வரீங்களான்னு கேட்டுச்சு, நான் சரின்னேன். அதுக்குத்தான் சொன்னேன்.”

நவநீதன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“மொத நாள் அது கேட்டப்ப எனக்குச் சிரிப்பா வந்துச்சு,” என்றார் அப்பா. “நீ போனை வெச்ச ஒடனே, நிஜமாவே ஒண்ணுமில்லையான்னுச்சு. போடா சோப்பு டப்பான்னுட்டு படுத்துட்டேன். மறுநாளும் கேட்டுச்சு. அதுக்கு மறுநாளும். ஒரு நாள் உக்காந்து சொல்ல ஆரம்பிச்சேன். ரொம்ப நேரம் சொன்னேன் தம்பி. ஒரு இடத்துலகூட குறுக்கே பேசல. குரல்கூட கொஞ்சம் உன்ன மாதிரிதான். ஆனா நிதானம்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா.”

“என்னன்னு சொல்றது? இருமல் வந்தா இதோட மூச்சு நின்னுடுமோன்னு பயமா இருக்குன்னா? இந்த வயசுல போய் பயமா இருக்குன்னு பெத்த பிள்ளைகிட்ட சொல்ல முடியுமா?” அப்பா சட்டையை மடியில் மடித்து வைத்துக்கொண்டார். “நீ கேக்காம இல்ல. நீ என்னன்னு கேட்ட, நான் ஒண்ணுமில்லன்னேன், நீ சரின்ன. உலகத்துல எல்லாரும் அப்படித்தான். நான் எங்கப்பாவை அதுகூடக் கேட்டதில்ல. உன் மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது.”

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

“ஆனா ஒண்ணு,” என்றார் அப்பா. “ரெண்டாவது தரம் கேக்கணும்னு ஒருத்தனுக்குத் தோணியிருக்கு பாரு. எவன்னு தெரியல. அவன் நல்ல மனுசனாத்தான் இருக்கணும்.”

நான்தான் அப்பா என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. எதற்காகக் கேட்டேன் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டுமே. விழுங்கிவிட்டான். வெளியே வராந்தாவில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

“அப்ப சென்னைக்கு வர மாட்டீங்களா?”

“இங்க நல்லாத்தான் இருக்கு. பேச ஆள் இருக்கு, அது பொய்யில்ல. ஆனா எல்லாரும் தங்களோடதைத்தான் பேசறாங்க. எனக்கும் அவங்க சொல்றதை முழுசாக் கேக்கப் பொறுமை இல்ல, அதையும் சொல்லணும்.” அப்பா கொஞ்சம் தயங்கினார். கூச்சத்தோடு சுவரைக் காட்டினார். அங்கே ஒரு செவி ஒட்டியிருந்தது. “உங்கிட்ட ஒரு உதவி தம்பி. இங்க இருக்கறது அதைக் கேக்க மாட்டேங்குது.”

“எதைப்பா?”

“அந்த ரெண்டாவது கேள்வியை. லைட்டு போடுது. மாத்திரைக்கு நேரமாச்சுங்குது. அதை மட்டும் கேக்கல. நேத்து ரூம்ல யாரும் இல்லாதப்ப நானே சத்தமா ஒண்ணுமில்லன்னு சொல்லிப் பாத்தேன். சும்மா இருக்கு. ரிப்பேரா இருக்குமோ? இதெல்லாம் உன் லைன்தானே, கொஞ்சம் பாத்துக் குடேன்.”

ரிப்பேர் இல்லை. நவநீதனுக்கு அது அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஏற்கனவே வாங்கிவிட்டவரிடம் மறுபடி விளம்பரம் சொல்வது வீண் செலவு. ஒருவர் சரி என்று சொன்னதும் அன்றைக்கே அவரை விலக்கிவிட வேண்டும், அதற்கு மேல் அவர் அந்தச் சொல்லை ஆயிரம் தரம் சொன்னாலும் செவி வாய் திறக்காது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்கிற சங்கதி அது. இளைப்பாறு இல்லங்களுக்கு அந்த ஏற்பாட்டைச் செய்தவன் அவன்தான். ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, டீ குடித்தபடி, இரண்டு நிமிஷத்தில் செய்து முடித்த வேலை.

“பாக்கறேன்பா,” என்றான்.

“அவசரம் ஒண்ணும் இல்ல. முடியலன்னா விட்டுடு.”

அழுகை வந்துவிட்டது. அப்பா பார்த்துவிடக் கூடாதே என்று, வாங்கி வந்திருந்த பிஸ்கட் பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரிப் பக்கம் போனான். ஒவ்வொன்றாக அடுக்கினான். அடுக்கினதையே கலைத்து மறுபடி அடுக்கினான்.

“என்ன தம்பி பண்ற அங்க?”

“பிஸ்கட் வைக்கறேன். உங்களுக்கு வேற ஏதாவது வேணுமாப்பா?”

“எனக்கென்ன, ஒண்ணுமில்ல.”

வாழ்நாளில் முதல் தடவையாக நவநீதன் அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிடவில்லை. போகிற அவசரம் எதுவும் இல்லை, சிக்னல் இல்லை, ரயில் நாளைக்குத்தான். மூச்சை இழுத்து நிதானப்படுத்திக்கொண்டு, குரல் உடையாமல், மெதுவாகக் கேட்டான்.

“நிஜமாவே ஒண்ணுமில்லையா?”

திரும்பிப் பார்த்தான். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் அப்படியே மலர்ந்துபோயிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவனை அல்ல, சுவரை.

“கேட்டுடுச்சு,” என்றார் சந்தோஷமாக. பிறகு தலையைத் திருப்பாமலே, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

“தம்பி, நீ கொஞ்ச நேரம் வெளியில இருக்கியா?”